நீல வண்டியில் பச்சைக் கோடு

மறுபடியாருக்கு அந்தப் பெயரை வைத்தது யார்டுக் காவலாளி. சாலையில் பந்தயம் ஓட்டிப் பிடிபட்ட கார்களைப் போலீசார் இழுத்து வந்து நிறுத்திவைக்கும் இடம் அந்த யார்டு. ஒவ்வொரு காரையும் சக்கரத்திலிருந்து கூரைவரை பரிசோதித்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிய பிறகு, "மறுபடி ஒரு தரம் பார்த்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை போனவர் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். அடுப்பும் அப்படித்தான், தண்ணீர்க் குழாயும் அப்படித்தான். காவலாளி ஒன்றும் தப்பாக வைத்துவிடவில்லை.

பயம் அவருக்குப் பிறவியிலேயே வந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளைக் கையிலிருந்து பிடுங்கினால்தான் விடுவாராம். பெரியவராகி மெக்கானிக் ஆனார், அதுவும் நல்ல மெக்கானிக். ஆனால் தான் பழுது பார்த்த காரைத் தானே ஓட்டிப் பார்க்க மாட்டார். வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு, திரும்பி வரும்வரை பட்டறை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார். போலீஸ் யார்டில் பரிசோதகர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாக மனுப் போட்டதற்கு ஒரே காரணம், அங்கே வரும் எந்தக் காரும் ஓடாது என்பதுதான். ஓடாத கார் யாரை இடிக்கப்போகிறது?

அவர் மனைவி நேர் எதிர். அவளை ஊரில் எல்லோரும் பிரேக்கம்மா என்பார்கள். சந்தைக்குப் பின்னால் இரண்டு கார் நிற்கும் அளவுக்குச் சின்னப் பட்டறை வைத்திருக்கிறாள். பிரேக் வேலையைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். இருவரும் ஒரு காலத்தில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டதும் அவள்தான். அவர் பதில் சொல்ல ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். சரி என்று சொன்ன பிறகும், பத்தாம் நாள் போய், நிஜமாகத்தான் கேட்டாயா என்று மறுபடி விசாரித்துவிட்டு வந்தார். இருபத்திரண்டு வருஷமாக அவள் இதைச் சொல்லிச் சிரிக்காத விருந்தாளி கிடையாது.

பிரேக்கம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிரேக்கைப் பூட்டும் போல்ட்டை அளவாக முடுக்கிய கையோடு, போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை நேராக ஒரு கோடு இழுத்துவிடுவாள். அதற்குப் பிறகு யாராவது அந்தப் போல்ட்டைத் திருகினால் கோடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி ஒரு பக்கமும் மறு பாதி இன்னொரு பக்கமும் போய்விடும். மற்ற மெக்கானிக்குகளும் இப்படிச் செய்வதுண்டு, பெயிண்ட் பேனாவால். அது சீக்கிரம் காய்ந்துபோகிறது என்று இவள் நகப்பாலிஷ் வைத்திருந்தாள், பச்சை நிறத்தில். அழகுசாதனக் கடையில் அந்த நிறத்தை வேறு யாரும் வாங்குவதில்லை என்பதால் கடைக்காரர் அவளுக்காகவே வரவழைப்பார். அவள் நகத்தில் அது ஒரு நாளும் ஏறியதில்லை. பிரேக் எண்ணெயில் ஊறும் விரல்களில் எந்தச் சாயம் நிற்கும்?

இனி அந்தச் சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் காரைப் பிடித்து முப்பது நாள் யார்டில் வைப்பார்கள். பந்தயத்துக்கென்றே காரை மாற்றி அமைத்திருப்பது பரிசோதனையில் தெரிந்தால் காரை நசுக்கி இரும்புக் கட்டியாக்கிவிடுவார்கள். மாற்றி அமைத்துக் கொடுத்த மெக்கானிக்குக்கு இரண்டு வருஷம் சிறை. எவையெல்லாம் மாற்றம் என்று நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. அதை நிரப்பும் கை மறுபடியாருடையது. ஆறு வருஷத்தில் அவர் எழுத்தை நம்பி எத்தனையோ கார்களை நசுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த இயந்திரம் ஓடும் சத்தம் கேட்காமலிருக்க அவர் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் வேலைக்குப் போனபோது, முதல் வரிசையில் நீலக் கார் ஒன்று நின்றது. முன்பக்கம் நசுங்கி, ஒரு விளக்கு கம்பியில் தொங்கியது. முந்தைய நாள் காலை ஏழு மணிக்குப் புறவழிச் சாலையில் இதுவும் இன்னொரு காரும் பந்தயம் ஓட்டியதைப் போலீஸ் காமிரா பிடித்திருந்தது. வளைவில் இது நிற்காமல் போய்ப் பேருந்து நிழற்குடையில் மோதியது. அங்கே பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளியின் கால் இரண்டு இடத்தில் உடைந்தது. காரின் சொந்தக்காரர் நாற்பத்தைந்து வயதுப் பல் டாக்டர். நோயாளி வாயைத் திறந்தால் பயந்து பயந்து மெதுவாக வேலை பார்ப்பார் என்று பெயரெடுத்த மனுஷன். அவருக்குள் இப்படி ஒரு வெறி ஒளிந்திருந்ததை யார் கண்டார்?

மறுபடியாருக்கு வேலையில் ஒரு வரிசை உண்டு. முதலில் போட்டோ, பிறகுதான் தொடுவது. ஆறு வருஷத்தில் அந்த வரிசை தப்பியதே இல்லை. அன்றும் எஞ்சினைப் படம் எடுத்தார், சைலன்சரைப் படம் எடுத்தார். காரை ஜாக்கியில் தூக்கி முன்சக்கரங்களைக் கழற்றினார். உள்ளே இரண்டு பக்கமும் பெரிய பெரிய சிவப்பு பிரேக். சாதாரணக் காரில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்கு. பந்தயக் காரில் பொருத்துவது இப்படித்தான் இருக்கும். குனிந்து பார்த்தார். போல்ட்டுகளின் மேல் பச்சைக் கோடு.

உலகத்தில் எத்தனை மெக்கானிக் வேண்டுமானாலும் இருக்கட்டும், அந்தப் பச்சையில் கோடு இழுக்கிற கை ஒன்றுதான். அவள் பந்தயக் காருக்குப் பிரேக் மாட்டிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷம் என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் அவர் தலைக்குள் ஓடவில்லை. பட்டறைக்குச் சீல் வைப்பார்கள். கைவிலங்கு மாட்டுவார்களோ? பெண்களுக்கும் மாட்டுவார்களா? ஜாக்கிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில் அவர் செய்திருக்க வேண்டியவை இரண்டு. இந்தக் காரில் என் வீட்டு ஆள் வேலை பார்த்திருக்கிறார், வேறு பரிசோதகரை அழையுங்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து ஒதுங்கியிருக்கலாம். விதியே அதுதான். ஆனால் அப்படி எழுதினாலே மனைவியைக் காட்டிக்கொடுத்ததாகிவிடுமே என்று பயந்தார். இல்லையென்றால், அந்தக் கார் கம்பெனியின் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கலாம். அது அவர் மேஜைக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எதையும் இரண்டு முறை பார்க்கிற மனுஷன் அன்று அதை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பயத்தில் கண் இருட்டிப்போனது என்பதைத் தவிர இதற்கு நான் வேறென்ன சமாதானம் சொல்ல?

காவலாளி வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடியார் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் டப்பாவைத் திறந்து, துணியை நனைத்து, இடப்பக்கக் கோடுகளைத் துடைத்தார். வலப்பக்கம் வந்தார். அங்கே கோடு நேராக இல்லை. போல்ட் தலையில் ஒரு பாதி மேலே பார்த்து நின்றது, இரும்பில் இருந்த மறு பாதி பக்கவாட்டில் கிடந்தது. அவர் கண் அதைப் பார்த்தது. வேறு நாளாக இருந்தால், பிரேக்கம்மா பூட்டிய பிறகு யாரோ இதைத் திருகியிருக்கிறார்கள் என்று அந்த நொடியே சொல்லியிருப்பார். அன்று கை நிற்கவில்லை. அதையும் துடைத்துவிட்டுத்தான் காமிராவை எடுத்தார். படிவத்தில், பட்டறைக் குறி ஏதேனும் உண்டா என்ற கேள்விக்கு நேராக "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுபடி ஒரு தரம் காருக்கு அடியில் போய்ப் பார்க்கவில்லை. துணியைக் குப்பை எரிக்கும் தொட்டியில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

மாலையில் வீட்டுக்குப் போனால் பிரேக்கம்மா காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிடலாம் என்றுதான் செருப்பைக் கழற்றினார். யார்டு விஷயம் வீட்டில் பேசுவதில்லை என்பது அவரே போட்டுக்கொண்ட சட்டம். அதனால் சுற்றி வளைத்து, இப்போதெல்லாம் பெரிய கார்களும் பட்டறைக்கு வருகின்றனவா என்று விசாரித்தார். வந்தால் விரட்டிவிடவா முடியும் என்றாள். எப்படிப்பட்ட கார் என்றார். நாலு சக்கரம் இருக்கும் என்றாள். அதோடு அவர் விட்டுவிட்டார். கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்த ஆமாமை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேட்காதவரைக்கும் ஒரு மூலையில் 'இல்லை' என்ற பதில் மிச்சம் இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. உடம்புக்கு என்ன என்று அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். வெயில் என்றார்.

செவ்வாய் முழுக்க யார்டில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவர் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றியிருப்பதாக அவர் எழுதிய அறிக்கை மேலே போயிருந்தது. அது வேறொரு ஊரில் செய்த வேலை, அதற்கும் பிரேக்கம்மாவுக்கும் சம்பந்தமில்லை. தப்பித்துவிட்டோம் என்று மெல்ல மூச்சு விட ஆரம்பித்தார்.

புதன்கிழமை காலை இன்ஸ்பெக்டரம்மா யார்டுக்கு வந்தார். சட்டத்தின் பிரிவு எண்களை வீட்டு விலாசம் மாதிரி சொல்லக்கூடியவர் அவர். பல் டாக்டரின் வக்கீல் ஒரு மனு கொடுத்திருப்பதாகச் சொன்னார். டாக்டர் பந்தயமே ஓட்டவில்லையாம். பக்கத்தில் வந்த கார்தான் சீண்டியதாம். இவர் நிறுத்தப் பார்த்தாராம், பிரேக் பிடிக்கவில்லையாம். பத்து நாள் முன்னால்தான் ஒரு பட்டறையில் பிரேக் வேலை செய்தாராம், அங்கே போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டதால் வந்த வினையாம் இது. அது நிரூபணமானால் பந்தயச் சட்டமே பாயாது, கார் டாக்டருக்குத் திரும்பப் போகும், துப்புரவுத் தொழிலாளியின் காலை உடைத்த வழக்கு அந்தப் பட்டறைக்காரர் தலையில் விழும். எந்தப் பட்டறை என்பதை இன்ஸ்பெக்டரம்மா சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை. போல்ட்டுகளை ஒரு முறை சோதித்துக் காட்டச் சொன்னார்.

மறுபடியார் சக்கரங்களைக் கழற்றினார். இடப்பக்கம் ஸ்பேனர் போட்டும் அசையவில்லை. வலப்பக்கத்துப் போல்ட் விரல் பட்டதுமே ஆடியது.

அப்போதுதான் அவருக்கு அந்த இரண்டு பாதிக் கோடுகளும் கண்முன் வந்தன. ஒன்று மேலே, ஒன்று பக்கவாட்டில். அவள் முடுக்கிக் கோடு போட்டுவிட்டாள், பிறகு வேறு எவனோ கழற்றி மாட்டியிருக்கிறான். அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தக் கோடுதான். அதைத் தன் கையாலேயே தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார். படமும் இல்லை. போல்ட் தளர்ந்திருக்கிறது என்று இன்ஸ்பெக்டரம்மா குறித்துக்கொண்டு போனார். மறுபடியார் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். அன்று எந்த இயந்திரமும் ஓடவில்லை.

அன்று மாலை பிரேக்கம்மா அவருக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்திருந்தாள். மத்தியானம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் விசாரித்தார்களாம். சட்டையை மடித்துக்கொண்டே, சந்தைக்குப் போய் வந்த கதையைச் சொல்வது மாதிரி சொன்னாள். டாக்டர் எண்ணெயும் ரப்பரும் மாற்றச் சொல்லி வண்டியை விட்டார், மாற்றினேன், முடுக்கினேன், கோடு போட்டேன். அந்தச் சிவப்பு பிரேக் கார் கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வருகிறது, பெரிய எஞ்சின் கார் அல்லவா. இதையெல்லாம் இன்ஸ்பெக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாளாம்.

"கோடு நேரா இருந்தா என் தப்பு, பிரிஞ்சிருந்தா எனக்கப்புறம் கை வெச்சவன் தப்பு. போய்ப் பாருங்கன்னு சொல்லிட்டேன். அந்த யார்டுல என் வீட்டுக்காரர்தான் பார்க்கிறாரு, அவரு ஒண்ணை விடாம எழுதியிருப்பாரு, அவரையே கேளுங்கன்னேன்." சட்டையை அடுக்கில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "நீங்க பார்த்தீங்கல்ல?"

கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வருகிறது. அந்த வார்த்தை அவர் காதில் விழுந்து உள்ளே போக நேரமானது. அவள் தப்பே செய்யவில்லை. மறைப்பதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

"பார்க்கணும்," என்றார்.

"சரி, பாருங்க. நீங்க இருக்கும்போது எனக்கென்ன."

அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதால் முகம் தெரியவில்லை. அவர் பக்கத்தில் படுத்துக் கிடந்தார். சொல்லிவிட்டால் வேலை போகும். போலீஸ் யார்டில் சாட்சியத்தை அழித்தவர் என்று வழக்குப் போடுவார்கள், அதற்கு என்ன தண்டனை என்று அவருக்கே தெரியும், படிவத்தின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. சொல்லாவிட்டால் அவள் சிறைக்குப் போவாள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தார். இவ்வளவுக்கும் நடுவில் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது, சொல்லாமல் விட்டாலும் விட்டுவிடுவோமோ என்று தன்னைப் பற்றி வந்த எண்ணம்தான். தன்மேல் அவருக்கே நம்பிக்கையில்லை.

வியாழக்கிழமை காலை ஸ்டேஷனுக்கு இருவரையும் வரச்சொல்லியிருந்தார்கள். பிரேக்கம்மாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனார். அவள் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவரை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, பூட்டிய பீரோ. மேஜைமேல் அவர் நிரப்பிய படிவம் விரித்திருந்தது. "இல்லை" என்ற சொல்லுக்குக் கீழே யாரோ சிவப்பில் கோடிட்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. அவர் மனைவி வேலை பார்த்த கார் என்று தெரிந்தும் ஏன் ஒதுங்கவில்லை என்று முதலில் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததற்குப் போனார்.

"உங்க வீட்டம்மா கோடு இருக்கும்னு அடிச்சுச் சொல்றாங்க. நீங்க இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுல எது உண்மை?"

மறுபடியார் தண்ணீர் கேட்டார், கொடுத்தார்கள், பாதி சட்டையில் கொட்டியது. கதவு அரைகுறையாகத் திறந்திருந்தது. அந்த இடுக்கில் பெஞ்சின் ஓரமும் பிரேக்கம்மாவின் கால்களும் தெரிந்தன. பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போகும் கனமான கறுப்புச் செருப்பு. இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் இன்ஸ்பெக்டரம்மா தானாகவே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார் என்று கேடுகெட்ட ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்குப் பயந்தே வாயைத் திறந்தார்.

"இருந்துச்சு மேடம். நான்தான் துடைச்சேன்."

பிறகு மடை திறந்தது மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சிவப்பு பிரேக்கைப் பார்த்துப் பதறியது, தின்னர், துணி, எரிக்கும் தொட்டி, பிரிந்து கிடந்த இரண்டு பாதிகள். இன்ஸ்பெக்டரம்மா எழுதுவதை நிறுத்தவேயில்லை. எழுதி முடித்துவிட்டு, இதை யார் நம்புவார் என்று கேட்டார். மனைவியைக் காப்பாற்றப் புருஷன் கட்டிய கதை என்றுதானே வக்கீல் சொல்லுவார்? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மறுபடியார் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் குனிந்த தலைக்குள்தான் மெக்கானிக் விழித்தான். நகப்பாலிஷ் போடும்போது சும்மா இருக்காது, கொஞ்சம் வழியும். போல்ட் தலையின் ஓரத்தில், துணி நுழையாத சந்துக்குள் இறங்கி நிற்கும். அவர் அவசர அவசரமாக ஒரு தரம் துடைத்ததோடு சரி. மறுபடி துடைக்கவில்லை.

"மேடம், வண்டியை ஒரு தடவை பார்த்துடலாம். நான் தொடமாட்டேன். வேற ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க."

பக்கத்து மாவட்டப் பரிசோதகரைத் தொலைபேசியில் யார்டுக்கு வரவழைத்து, மறுபடியாரையும் அங்கே கூட்டிப் போனார்கள். முதலில் அவர் படம் எடுத்தார், பிறகு சக்கரத்தைக் கழற்றினார். மறுபடியார் ஐந்தடி தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. டார்ச்சும் பூதக்கண்ணாடியும் பல்குத்தும் குச்சியும் வைத்துக்கொண்டு அந்த ஆள் கால் மணி நேரம் குடைந்தார். வலப்பக்கப் போல்ட் தலையின் ஓரச் சந்தில் கடுகளவு பச்சை இருந்தது. இரும்பின் பள்ளத்தில் இன்னொரு பொட்டு இருந்தது. இரண்டுக்கும் நடுவே கால் சுற்று இடைவெளி. இடப்பக்கத்தில் இரண்டு பொட்டும் ஒன்றுக்கு நேராக ஒன்று நின்றன. மத்தியானத்துக்குள் பல் டாக்டர், சனிக்கிழமை தன் பந்தயக் கூட்டாளி ஒருவர் வலப்பக்கப் பிரேக்கைக் கழற்றி, வேறு பிரேக் பேட் மாட்டிப் பார்த்து, பிடிக்காமல் பழையதையே திரும்பப் போட்டதாக ஒப்புக்கொண்டார்.

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும், பிரேக்கம்மாமேல் வழக்கு இல்லை என்று இன்ஸ்பெக்டரம்மா எழுதிக் கொடுத்தார். மறுபடியாரின் அடையாள அட்டையையும் யார்டுச் சாவியையும் வாங்கி ஓர் உறையில் போட்டு ஒட்டினார். அவர்மேல் வழக்கு உண்டு, கூப்பிடும்போது வர வேண்டும், வெளியூர் போகக்கூடாது. உண்மையைச் சொன்னதை நீதிமன்றத்தில் குறிப்பிடுவேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார். மறுபடியார் தலையாட்டினார். இவ்வளவு நாள் எதற்குப் பயந்தாரோ அது வந்தேவிட்டது. வந்த பிறகும் பயம் குறையவில்லை. வெளிப் பெஞ்சுக்குப் போக வேண்டுமே.

பிரேக்கம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கதவு திறந்துதானே இருந்தது. எழுந்து முன்னால் நடந்தாள். ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள். அவர் பின்னால் ஏறும்வரை காத்திருந்தாள். வண்டியைக் கிளப்பவில்லை.

"நீங்க பயந்த ஆளுன்னு தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன். துடைச்சதுக்கு ஒண்ணும் சொல்லல." அவள் முன்னால் பார்த்தபடியே பேசினாள். "அந்தப் பிரேக்கைப் பார்த்ததும் நான்தான் மாட்டிக் கொடுத்திருப்பேன்னு எப்படிங்க தோணுச்சு?"

கிழக்கே போன பேருந்து ஒன்று அவர்களைத் தாண்டும்வரை அவர் யோசித்தார். வேறு வழியில்லாமல் உள்ளதையே சொன்னார்.

"நீ எதுக்கும் பயப்பட மாட்டியே. அதான்… செஞ்சிருப்பியோன்னு."

அவள் கைப்பிடியில் இருந்த விரல்களை விரித்துத் தன் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"எனக்குப் பயமில்லைன்னு உங்ககிட்ட யார் சொன்னது? நேத்து அந்த ரூம்ல இந்த ரெண்டு கையும் என் பேச்சைக் கேக்கல. அந்தம்மா பார்த்துடக்கூடாதுன்னு தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டுதான் பேசினேன். ராத்திரி பொட்டுக்கூடத் தூங்கல. நீங்க பார்த்திருப்பீங்க, நீங்க எழுதியிருப்பீங்கன்னு அதையே சொல்லிக்கிட்டு விடியற வரைக்கும் கெடந்தேன்."

அவரும் விழித்துத்தான் கிடந்தார், ஒரு முழம் தள்ளி. அதை அவர் சொல்லவில்லை. அவள் சாவியைத் திருகினாள். முதல் தடவை வண்டி கிளம்பவில்லை, கை வழுக்கியது. மறுபடியார் பின்னாலிருந்து கையை நீட்டி அவள் கைமேல் வைத்தார். நடுங்கிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.